இன்சியோன் 2014, பெண்கள் 60 கிலோ: சரிதா தேவியின் வெண்கலம் ஏன் எதிராளியின் கழுத்துக்குப் போனது?

கேள்வி இது: "2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் குத்துச்சண்டை லைட்வெயிட் (60 கிலோ) பிரிவில் நம் சரிதா தேவி அழுதுகொண்டே தன் வெண்கலத்தைக் கொரிய வீராங்கனையின் கழுத்தில் போடும் வீடியோவைப் பார்த்தேன். உண்மையில் அவர்தான் ஜெயித்தாரா, இல்லை நம் ஆட்கள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறோமா? அப்பீல் செய்திருக்கலாமே? கடைசியில் அவருக்கே ஏன் தடை விதித்தார்கள்?"

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த பவுட்டில், அதாவது அந்த மோதலில், சரிதாதான் ஜெயித்தார் என்பது என் கணிப்பு. ஆனால் தப்பான தீர்ப்பு பாக்ஸிங்கில் அபூர்வம் இல்லை. நானே சில வருடங்கள் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ரிங் ஓரம் உட்கார்ந்து மார்க் போட்டவன், தப்பாகவும் போட்டிருக்கிறேன். அந்தப் போட்டி நடந்த தென்கொரியாவின் இன்சியோனில் என்னை உறுத்துவது வேறு. தப்பு என்று நினைப்பவர் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவுகூட அங்கே இல்லை. மேடையில் நடந்தது அதன் விளைவு.

முதலில் 60 கிலோ கதை. ஆசிய விளையாட்டில் பெண்கள் பாக்ஸிங் 2010 குவாங்சோவில்தான் நுழைந்தது. அதுவும் மூன்றே எடைப் பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் அதே மூன்றுதான். உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்குப் பத்துப் பிரிவுகள் இருந்த காலம் அது. அப்படியானால் 46, 48, 54, 57 கிலோவில் ஆடிப் பழகியவர்கள் என்ன செய்வது? ஒன்று உடம்பைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்ற வேண்டும். மேரி கோம் கீழிருந்து 51க்கு ஏறினார். சரிதா 2006இல் டெல்லியில் உலக சாம்பியன் ஆனது 52 கிலோவில். 51இல் மேரி கோம் இருக்கிறார், இரண்டு பேருமே மணிப்பூர், நாட்டுக்கு ஒரு இடம்தான். அதனால் சரிதா 60க்கு ஏறினார். எட்டு கிலோ என்பது சாப்பாட்டு மேஜையில் பெரிய விஷயமில்லை, ரிங்குக்குள் அது வேறு உலகம். எதிரே நிற்பவருக்குக் கை நீளம் அதிகம், எலும்பு கனம் அதிகம். இயல்பிலேயே 60 கிலோ உடம்பு உள்ளவரை, தீனி போட்டு ஏற்றிய 60 கிலோ எதிர்கொள்கிறது.

அதற்கு மேல் இன்னொன்று. 2013இல் அவருக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த வருடம் ஜூலை-ஆகஸ்டில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 60 கிலோ இறுதிக்குப் போய், ஆஸ்திரேலியாவின் ஷெல்லி வாட்ஸிடம் தோற்று வெள்ளி வாங்கினார். இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, இன்சியோன். கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டு முகாமிலேயே கிடந்தவர் அவர். மேடையில் வந்த அழுகைக்கு இந்தப் பின்னணியும் உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, பவுட்டுக்கு வருவோம்.

2014 செப்டம்பர் 30, அரையிறுதி. எதிரே தென்கொரியாவின் பார்க் ஜினா. அன்றைய விதிப்படி பெண்களுக்கு இரண்டு நிமிடம் வீதம் நான்கு ரவுண்டு, தலைக்கவசம் உண்டு. முதல் ரவுண்டில் இரண்டு பேரும் அளந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு சரிதா நெருங்கி உள்ளே புகுந்து அடிக்கத் தொடங்கினார். மூன்றாவது ரவுண்டில் பார்க் தடுமாறியது தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். மணி அடித்ததும் இந்தியக் கார்னரில் இருந்தவர்கள் ஜெயித்துவிட்டதாகவே இருந்தார்கள். நடுவர் தூக்கியது பார்க்கின் கையை.

ஸ்கோர்: மூன்று ஜட்ஜ்களின் தாளிலும் 39-37, பார்க்குக்கு.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், விஷயமே இதில்தான் இருக்கிறது. பத்துப் புள்ளி முறையில் ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பொதுவாக 9. நான்கு ரவுண்டில் ஒருவருக்கு 39 வந்தால் அவர் மூன்று ரவுண்டு ஜெயித்து ஒன்றில் தோற்றிருக்கிறார் என்று பொருள். அதாவது மூன்று ஜட்ஜ்களும் தனித்தனியாக உட்கார்ந்து, சரிதாவுக்கு நான்கில் ஒரே ஒரு ரவுண்டுதான் கொடுத்தார்கள். 2-2 என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. நெருக்கமான பவுட் என்றால் மூன்று தாளில் ஒன்றாவது பிசகும். இங்கே பிசகவில்லை. முதல் ரவுண்டைப் பார்க்குக்குக் கொடுக்கலாம், நான் மறுக்க மாட்டேன். கடைசி ரவுண்டைப் பற்றி இரண்டு பேச்சு இருக்கலாம். மூன்றாவதாக ஒன்றை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்குத்தான் எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

"காசு வாங்கிவிட்டார்கள்" என்று உடனே சொல்வார்கள். இந்த பவுட்டில் அப்படி நடந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் சொல்ல மாட்டேன். விதிப்படி மோதுகிற நாடுகளின் ஜட்ஜ் அந்த பவுட்டில் உட்கார முடியாது, மேஜையில் கொரியர் யாரும் இல்லை. அதே அரங்கில் மேரி கோம் தன் முதல் பவுட்டில் கொரியாவின் கிம் யேஜியை 3-0 என்று, அதாவது மூன்று ஜட்ஜ்களும் தன் பக்கம் எழுத, ஜெயித்திருக்கிறார். கொரியர் என்றாலே கை தூக்கினார்கள் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

ஆனால் காசே கைமாறாமலும் தீர்ப்பு சாயும். எப்படி என்று சொல்கிறேன்.

ஜட்ஜின் இருக்கை ரிங்கின் ஓரத்தில், கயிற்றுக்குக் கீழே, கிட்டத்தட்ட பாக்ஸரின் முழங்கால் உயரத்தில் இருக்கும். டிவி கேமரா போல மேலேயிருந்து பார்க்க முடியாது. இரண்டு நிமிடத்தில் பாதி நேரம் ஒருவருடைய முதுகுதான் தெரியும். முதுகுக்கு அந்தப் பக்கம் போன குத்து முகத்தில் விழுந்ததா, கிளவுஸில் விழுந்ததா என்பதைத் தலை அசைவை வைத்து ஊகிக்க வேண்டும். அப்போது காது முந்திக்கொள்ளும். கிளவுஸ் மேல் விழும் குத்து "டப்" என்று பெரிதாகக் கேட்கும், முகத்தில் சுத்தமாக இறங்கும் குத்து பல நேரம் சத்தமே போடாது. நான் ஒரு மாநிலப் போட்டியில், ஒரு பையன் போட்ட ஹூக்குகளை (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்துகளை) நம்பி ரவுண்டை அவனுக்கு எழுதினேன். சாயங்காலம் யாரோ மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். அத்தனை ஹூக்கும் எதிராளியின் முழங்கையில். அந்த எதிராளிப் பையன் குனிந்து இரண்டு ஜாபை (நேராக நீட்டும் குத்தை) சுத்தமாக மூக்கில் வைத்திருந்தான், நான் இருந்த இடத்திலிருந்து அது தெரியவே இல்லை. தோற்றுப்போன அந்தப் பையனின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதோடு கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த நாட்டு வீராங்கனை கையை வீசினாலே அரங்கம் அலறும். வெளிநாட்டுக்காரர் சுத்தமாக அடித்தால் மௌனம். அந்த அலறல் மூளைக்குள் போய் "குத்து விழுந்தது" என்று பதிந்துவிடும். ஜட்ஜுக்குத் தான் சாய்கிறோம் என்பதே தெரியாது. பத்துப் புள்ளி முறையில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் அங்கே குத்துகளை எண்ணுவதில்லை. இலக்கில் விழுந்த தரமான குத்துகள், நுட்பத்திலும் உத்தியிலும் யார் கை ஓங்கியது, போட்டித்தன்மை, விதிமீறல் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுத வேண்டும். "கை ஓங்கியது" என்பதற்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம்.

அப்புறம் ஏன் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், அதற்கும் கொரியா வரை போய்த்தான் ஆக வேண்டும்.

1988 சியோல் ஒலிம்பிக், அக்டோபர் 2, லைட் மிடில்வெயிட் இறுதி. அமெரிக்காவின் 19 வயது ராய் ஜோன்ஸும் தென்கொரியாவின் பார்க் சிஹுனும் மோதினார்கள். குத்துகளை எண்ணியவர்கள் சொன்ன கணக்கு: ஜோன்ஸ் 86, பார்க் 32. தீர்ப்பு 3-2, பார்க்குக்குத் தங்கம். அந்த ஒலிம்பிக்கின் சிறந்த பாக்ஸருக்கான வால் பார்க்கர் கோப்பையை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? தோற்ற ஜோன்ஸுக்கு. உலகம் சிரித்துவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1992 பார்சிலோனாவில் கணினி ஸ்கோரிங் வந்தது. ஐந்து ஜட்ஜ்கள், ஆளுக்குச் சிவப்பு, நீலம் என்று பொத்தான்கள். ஐந்தில் மூவர் ஒரு நொடிக்குள் ஒரே நிறத்தை அழுத்தினால் ஒரு புள்ளி.

பார்சிலோனாவில் இதே 60 கிலோ, ஆண்கள் லைட்வெயிட்டை எடுத்துக்கொண்டால் புது முறையின் லட்சணம் புரியும். ஆஸ்கர் டி லா ஹோயா, இறந்துபோன அம்மாவுக்குத் தங்கம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். அரையிறுதியில் கொரியாவின் ஹாங் சுங்சிக்கை 11-10 என்று ஒரே புள்ளியில் தாண்டினார். இறுதியில் ஜெர்மனியின் மார்கோ ருடால்ஃபை 7-2. மூன்று ரவுண்டு முழுக்கச் சண்டை போட்டு, ஜெயித்தவருக்கு ஏழே புள்ளி! அவர் அடித்தது ஏழுதான் என்று அர்த்தமில்லை, மூன்று கட்டைவிரல்கள் ஒரே நொடியில் சேர்ந்தது ஏழு முறை. வேகமாக நான்கு குத்து தொடர்ந்து விழுந்தால் ஒன்றுதான் பதியும். வயிற்றில் விழுந்தது பெரும்பாலும் பதியாது. பாக்ஸர்கள் கெட்டிக்காரர்கள், ஒரு குத்து தொட்டுவிட்டு ஓடுகிற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். இருபது வருடம் இப்படி ஓடிய பிறகு, 2013இல் சர்வதேச குத்துச்சண்டை சங்கமான ஐபா பொத்தானைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தொழில்முறை பாக்ஸிங்கின் பத்துப் புள்ளி முறையை எடுத்துக்கொண்டது. ஆண்களுக்குத் தலைக்கவசத்தையும் கழற்றியது. அதற்கு அடுத்த வருடம்தான் இன்சியோன். புது முறையில் ஜட்ஜ்களுக்கே கை பழகாத நேரம்.

இப்போது அப்பீல் விஷயம். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முறையீடு செய்ய 500 டாலர் கட்ட வேண்டும். சரிதா ரிங்கை விட்டு இறங்கியபோது பணத்தோடு ஓடிவர இந்தியக் குழுவின் அதிகாரிகள் யாரும் பக்கத்தில் இல்லை. அவருடைய கணவர் தோய்பா சிங், அவர் முன்னாள் கால்பந்து வீரர், அரங்கில் இருந்தவர்களிடம் கைமாற்று வாங்கினார். பத்திரிகையாளரிடம்கூட வாங்க வேண்டியிருந்தது. ஆசிய விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கானவர்களை அனுப்புகிற தேசம், தன் அரையிறுதி வீராங்கனைக்காக 500 டாலரைக் கடன் வாங்கிக் கட்டியது. இதைப் படித்தபோது தீர்ப்பைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டியாயிற்று. என்ன ஆயிற்று? தள்ளுபடி. காரணம்: ஜட்ஜ்கள் போட்ட மார்க்கை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை. நடுவர் விதியை மீறினார் என்றால் பேசலாம், மார்க் தப்பு என்றால் பேச முடியாது. வீடியோவைப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை, மனு உள்ளே நுழையும்போதே செத்துவிட்டது. பணம் கட்டினால் தீர்ப்பை மாற்ற முடியாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். கடன் வாங்கிய 500 டாலர், பூட்டிய கதவுக்குப் போட்ட மாலை.

அன்று இப்படி வாயடைத்துப் போனவர் சரிதா மட்டுமில்லை. நம் தேவேந்திரோ சிங் 49 கிலோ காலிறுதியில் கொரியாவின் ஷின் ஜோங்ஹுனிடம் தோற்றதிலும் முணுமுணுப்பு இருந்தது. மங்கோலியர்கள் தங்கள் வீரர் ஒரு கொரியரிடம் தோற்றதற்குக் கொதித்துப்போயிருந்தார்கள்.

மறுநாள், அக்டோபர் 1. இறுதியில் சீனாவின் யின் ஜுன்ஹுவா பார்க்கை வீழ்த்தித் தங்கம் எடுத்தார். ஆக பார்க்குக்கு வெள்ளி. பாக்ஸிங்கில் மூன்றாம் இடத்துக்குத் தனிச் சண்டை கிடையாது, அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம். மல்யுத்தம் போல இன்னொரு பவுட் வைத்திருந்தால் கோபம் கொஞ்சம் அதில் கரைந்திருக்கும். இங்கே முந்தின நாள் தோற்றவரும் ஜெயித்தவரும் நேராக ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். யின், பார்க், சரிதா, வியட்நாமின் லூ தி துயென் என நான்கு பேர்.

பதக்கம் போட வந்தவருக்குச் சரிதா கழுத்தைக் குனியவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முகம் முழுக்கக் கண்ணீர். பிறகு பார்க்கிடம் நடந்து போய் அந்த வெண்கலத்தை அவர் கழுத்தில் மாட்டினார். இப்போது பார்க்கின் கழுத்தில் இரண்டு பதக்கங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. கழற்றித் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார், சரிதா வாங்க மறுக்கிறார். மொழி தெரியாது, சொல்லவும் முடியாது. வீடியோவை அடுத்த முறை பார்க்கும்போது சரிதாவை விட்டுவிட்டு பார்க்கின் முகத்தை மட்டும் பாருங்கள். வெள்ளி வாங்கிய முகமா அது?

இங்கேதான் எனக்கும் சரிதாவின் தீவிர ரசிகர்களுக்கும் ஒத்துவராது. பார்க் எந்தத் தப்பும் செய்யவில்லை. மணி அடித்தபோது சண்டை போட்டார், மணி அடித்தபோது நிறுத்தினார். மார்க் போட்டது அவரில்லை. பதக்கத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தால் கோபம் சங்கத்தின் மேல் விழுந்திருக்கும். கழுத்தில் மாட்டியபோது அது அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. அதற்காகச் சரிதாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. முறையிட இடமே இல்லாதவர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆளிடம்தான் போவார்.

ஐபா அப்படிப் பார்க்கவில்லை. அக்டோபர் 22 வாக்கில் சரிதா, பயிற்சியாளர்கள் என்று பலரையும் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. நவம்பரில் ஜெஜுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் கைவிட்டுப் போனது (ஜெஜுவும் தென்கொரியாதான், என்ன பொருத்தம்!). சரிதா நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டார். வாழ்நாள் தடை வருமோ என்ற பேச்சுகூட அடிபட்டது. சச்சின் டெண்டுல்கர் அவருக்காக விளையாட்டு அமைச்சரைப் போய்ப் பார்த்தார். டிசம்பரில் தீர்ப்பு: 2014 அக்டோபர் 1 முதல் ஓர் ஆண்டு தடை, 1000 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம். தலைமைப் பயிற்சியாளர் குர்பக்ஷ் சிங் சந்து தப்பித்தார். இன்னொரு பயிற்சியாளர், கியூபாக்காரரான ஃபெர்னாண்டஸுக்கு இரண்டு ஆண்டு தடை.

"இந்தியா ஏன் மேஜையைத் தட்டவில்லை?" என்று கேட்பீர்கள். தட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. பழைய இந்திய அமெச்சூர் குத்துச்சண்டை சம்மேளனத்தைத் தேர்தல் குளறுபடிக்காக 2012 டிசம்பரிலேயே ஐபா இடைநீக்கம் செய்திருந்தது, பிறகு அங்கீகாரத்தையே பறித்தது. 'பாக்ஸிங் இந்தியா' என்ற புது அமைப்பு பிறந்து சில வாரங்கள்கூட ஆகாத நேரத்தில்தான் இன்சியோன். ஐபாவின் தயவில் நிற்கிற பச்சைக் குழந்தை ஐபாவிடமே சண்டைக்குப் போகுமா? "மன்னிப்புக் கேட்டுவிடம்மா" என்பதுதான் அவர்களால் முடிந்தது. அந்த அமைப்பும் அடுத்த வருடமே உட்பூசலில் கவிழ்ந்தது. இன்று இருக்கிற சம்மேளனம் 2016இல் வந்தது.

தடை நியாயமா? மேடை ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, அதை மீறினால் தண்டனை வரும், அதில் எனக்கு மறுப்பில்லை. 2008 பெய்ஜிங்கில் ஸ்வீடன் மல்யுத்த வீரர் அரா அப்ரஹாமியன் வெண்கலத்தைப் பாயின் நடுவில் வைத்துவிட்டு வெளியேறியதற்கு அவருடைய பதக்கத்தையே பறித்தார்கள். ஆனால் ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 1988 சியோலிலேயே, ராய் ஜோன்ஸ் விவகாரத்துக்குச் சில நாள் முன்னால், கொரிய வீரர் பியூன் ஜாங்இல் பல்கேரியாவின் ஹ்ரிஸ்டோவிடம் தோற்றார். கொரிய அதிகாரிகள் ரிங்குக்குள் பாய்ந்து நியூசிலாந்து நடுவர் கீத் வாக்கரை அடித்தார்கள். பியூன் ரிங்கிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல், 67 நிமிடம். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இருட்டில் உட்கார்ந்திருந்தார் அந்தப் பையன். அதற்கும் முன்னால் 1964 டோக்கியோவில் இன்னொரு கொரியர் 51 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். தோற்ற பாக்ஸர் கோபத்தில் அடம்பிடிப்பதற்கு வரலாறு இருக்கிறது என்றால், அந்த வரலாற்றின் பாதி கொரியாவில்தான் எழுதப்பட்டது. பார்க் ஜினாவின் ஊர்க்காரர்களுக்குச் சரிதாவின் மனசு புரியாமல் இருந்திருக்காது.

தடை முடிந்து சரிதா திரும்பினார், ரியோ 2016க்கு முயன்றார், தகுதி கிடைக்கவில்லை. இன்சியோனில் தங்கம் வாங்கிய யின் ஜுன்ஹுவா ரியோவில் 60 கிலோ இறுதி வரை போய் வெள்ளி வாங்கினார். பார்க்கையும் சரிதாவையும்விட அந்தப் பெண் ஒரு படி மேலே என்பதை நாம் பேச்சில் மறந்துவிடுகிறோம். சரிதா 2017 ஜனவரியில் இம்பாலில் தொழில்முறை பவுட் ஒன்று ஆடி ஜெயித்துவிட்டு மறுபடியும் அமெச்சூருக்கே வந்தார். 2018 டெல்லி உலக சாம்பியன்ஷிப்பில், சொந்தக் கூட்டத்தின் முன்னால், அயர்லாந்தின் கெல்லி ஹாரிங்டனிடம் 2-3 என்று தோற்றார். அலறுகிற கூட்டம் இந்த முறை சரிதாவின் பக்கம், மார்க் போகவில்லை. ஹாரிங்டன் அந்த வருடம் உலக சாம்பியன், டோக்கியோ ஒலிம்பிக்கில் லைட்வெயிட் தங்கம். அப்படிப்பட்டவரோடு 36 வயதை ஒட்டி ஒரு ஜட்ஜ் வித்தியாசத்தில் நின்றிருக்கிறார் என்றால், 2014இல் அவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐபாவின் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். ரியோவில் மைக்கேல் கான்லன் என்ற அயர்லாந்துக்காரர் தோற்றதும் ஜட்ஜ்களை நோக்கி நடுவிரலைக் காட்டினார், உலகமே அவர் பக்கம் நின்றது. அங்கே பணியாற்றிய 36 நடுவர்-ஜட்ஜ்களையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைத்தார்கள். ரியோவில் ஐந்து பேர் மார்க் போட்டாலும் கணினி பொறுக்கியெடுத்த மூன்று பேருடையதுதான் எண்ணப்பட்டது, அதற்குப் பிறகு ஐந்தும் எண்ணப்படுகிறது. 2021இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை, ரியோவில் பவுட்டுகளைத் திட்டம் போட்டு வளைத்தார்கள் என்றே எழுதியது. 2019இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ஐபாவை இடைநீக்கம் செய்தது, 2023இல் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. சரிதாவுக்கு ஒழுக்கப் பாடம் எடுத்த சங்கம் ஒலிம்பிக்கை விட்டே வெளியே போய்விட்டது.

மார்க்கை எதிர்த்து முறையிடும் வழியும் ஒருவழியாக வந்தது, கொஞ்சம் இடுக்கு வழியே. 2019 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் மேரி கோம் துருக்கியின் சகிரோக்லுவிடம் 1-4 என்று தோற்றபோது இந்தியா முறையிட்டது. எடுத்துக்கொள்ளவே இல்லை, ஏனென்றால் 3-2 அல்லது 3-1 தீர்ப்புகளைத்தான் எதிர்க்கலாம் என்று விதி. இந்தக் கணக்கில், மூன்று தாளும் ஒரே மாதிரி எழுதப்பட்ட 2014 பவுட்டைக் கொண்டுபோனாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஜட்ஜ்கள் பிரிந்தால் கேள்வி கேட்கலாம், எல்லோரும் சேர்ந்து தப்புச் செய்தால் கேட்க முடியாது!

கடைசியாக ஒன்று, உங்கள் கேள்வியில் இல்லாதது. 1988இல் அந்தத் தங்கத்தை வாங்கிய பார்க் சிஹுனை யாரும் விடவில்லை. வெளிநாட்டில் மட்டுமல்ல, சொந்த ஊரிலேயே அது திருட்டுத் தங்கம் என்று பேசினார்கள். கையை மேலே தூக்கியது நடுவர், பழி சுமந்தது அவர். பாக்ஸிங்கை விட்டார், மனச்சோர்வில் விழுந்தார், பிறகு பயிற்சியாளரானார். 2023 மே மாதம், 35 வருடத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவில் இருக்கும் ராய் ஜோன்ஸின் பண்ணைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனார். கையோடு அந்தத் தங்கம். எடுத்து ஜோன்ஸின் கையில் கொடுத்தார், ஜோன்ஸ் அழுதுவிட்டார். அந்த வீடியோ 2025 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. சரிதாவின் வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, அதையும் தேடிப் பாருங்கள். இன்சியோனில் தோற்றவர் ஜெயித்தவர் கழுத்தில் மாட்டினார், பென்சகோலாவில் ஜெயித்தவர் தோற்றவர் கையில் வைத்தார். இரண்டு வீடியோவிலும் மார்க் போட்டவர்கள் இல்லை.